ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஊதா

அந்தச் சத்தமுங்களா? பிரஸ்ஸுங்க. பவர் பிரஸ். தண்ணி மோட்டாருக்குள்ள வட்ட வட்டமாத் தகடு இருக்குமில்லீங்க, அத வெட்டற மிசினு. ரோட்டுக்கு அந்தப் பக்கம், அதா, அந்த ஆஸ்பெட்டாஸ் கூரை தெரியுது பாருங்க, அங்கிருந்துதான் வருது. உக்காருங்க அம்மிணி. மாடியப் பாத்தீங்க, தண்ணி வருதான்னு பைப்பத் தொறந்து பாத்தீங்க, இதையும் கேட்டுட்டு அப்புறமா முடிவு பண்ணுங்க.

புரோக்கர் ஞாயித்துக்கெழம கூட்டியாறேன்னுதான் சொன்னாரு. ஞாயித்துக்கெழம பட்டறைக்கு லீவு. காக்கா கத்தறதுகூடக் கேக்கும், அவ்வளவு அமைதியா இருக்கும். "அன்னைக்கே காட்டி அட்வான்ஸ வாங்கிப் போடுங்கக்கா"ன்னாரு. எனக்குத்தான் மனசு ஒப்பல. நீங்க ஆஸ்பத்திரில ராத்திரி டூட்டி பாக்கற புள்ள. பகல்லதான தூங்கோணும்? அதான் வேலை நாள்ல வரச் சொன்னேன். இதுக்கு முன்னால குடியிருந்தவங்க கைக்கொழந்தையோட இருந்தாங்க. ரெண்டு மாசத்துல காலி பண்ணிட்டாங்க. நான் அவங்களத் தப்புச் சொல்ல மாட்டேன்.

நீங்க கம்ப்ளெய்ன்ட் பண்ணலியான்னு கேக்கறீங்க. பண்ணினேனுங்க. நல்லாக் கேட்டீங்க. இந்தக் காலனியிலயே கம்ப்ளெய்ன்ட் பண்ணினது நான் ஒருத்திதான். அதுல ஜெயிச்சதும் நான்தான்.

ஆமாங்க, ஜெயிச்சேன். சிரிக்காதீங்க.

அப்பப் பட்டறை ரோட்டுக்கு அந்தப் பக்கம் இல்லீங்க. இந்தப் பக்கம். இந்தச் சுவத்துக்கு அடுத்த சுவரு. திருமூர்த்தின்னு ஒரு பையன். அவங்கப்பா காலத்துல லேத் வெச்சிருந்தாங்க, இவன் தலையெடுத்து ஒரு பிரஸ்ஸ வாங்கிப் போட்டான். என்னைய அக்கான்னுதான் கூப்புடுவான். நல்ல பையன். இன்னைக்கும் சொல்றேன், நல்ல பையன்தான். எங்கூட்டுக்காரருக்கு நெஞ்சு வலி வந்தப்ப, ஆம்புலன்ஸு வர்ற வரைக்கும் பொறுக்காம, தகடு ஏத்திட்டிருந்த டெம்போவக் காலி பண்ணி, அதுல படுக்க வெச்சு ஓட்டிட்டுப் போனவன் அவன். பொழைக்கல. அது அவன் தப்பா? அது வேற விசயம். அதையும் இதையும் ஒண்ணாக் கொழப்பக் கூடாது.

எங்கூட்டுக்காரரு கரண்டு ஆபீசுல இருந்தாரு. அவருக்கு ஒரே ஆசை. பையன் பெரிய உத்தியோகத்துல உக்காரோணும். ஜீப்பு, டவாலி போட்ட சேவகன், அந்த மாதிரி. பையன் பேரு நவநீதன். மெக்கானிக்கல் எஞ்சினியரிங் முடிச்சான். முடிச்ச கையோட ஒரு கம்பெனில கூப்புட்டாங்க. வேண்டாம், குரூப் ஒண்ணு பரீச்சைக்குப் படின்னு அவங்கப்பா சொல்லிட்டாரு. அவரு போனப்புறம் நான் சொன்னேன். அவன் மாட்டேன்னு சொல்லவே இல்லீங்க. ஒரு நாளும் எதுத்துப் பேசுனதில்ல. அப்படி ஒரு புள்ள.

மொதத் தடவை எழுதினான், வரல. சரி, எல்லாத்துக்கும் மொதத் தடவையே வருமா? ரெண்டாந் தடவை எழுதினான். அதுவும் வரல. அன்னைக்குச் சோத்தப் போட்டு வெச்சுட்டு எதுக்க உக்காந்து கேட்டேன். "ஏன் சாமி, என்னதான் ஆச்சு?" அவன் தட்டப் பாத்துட்டே இருந்தான். பக்கத்துல டங்கு டங்குன்னு அடிச்சிட்டிருக்கு. "இந்தச் சத்தத்துல மண்டைக்குள்ள ஒண்ணும் ஏற மாட்டேங்குதும்மா"ன்னான்.

ஒரே ஒருக்காத்தான் சொன்னான். ஒரு தாய்க்கு அது போதாதுங்களா?

நான் நேரா ஆபீசுக்குப் போயிடல. மொதல்ல திருமூர்த்திகிட்டதான் போனேன். மரியாதையா, தன்மையாத்தான் சொன்னேன். அவனும் கேட்டான். மிசினுக்கு அடில ரப்பர் கட்டை வெச்சான். எங்க பக்கத்து ஜன்னல அடைச்சுச் செங்கல் கட்டினான். அடுத்த பரீச்சை வந்தப்ப, "நவநீதனுக்காக நான் ஒரு வாரம் மிசினயே நிறுத்திக்கறேங்கா"ன்னு நிறுத்தியும் போட்டான். ஆளுகளுக்குக் கூலி குடுத்து ஊட்டுக்கு அனுப்பிச்சான். இல்லேன்னு சொல்ல மாட்டேன். ஆனா நீங்களே சொல்லுங்க, ஒரு வாரத்துல ஒரு மனுசன் என்ன படிச்சுர முடியும்? அவனுக்குப் படிக்கோணும்னா வருசம் பூராவும் அமைதி வேணுமில்லீங்க?

அப்பத்தான் கோயில்ல ஒரு ரிட்டையர்டு தாசில்தாரு சொன்னாரு. "சத்தத்துக்குச் சட்டம் இருக்குதும்மா. ஊரையே பங்கு பிரிச்சு வெச்சிருக்காங்க. குடியிருக்கற எடத்துக்கு ஒரு அளவு, கடைவீதிக்கு ஒரு அளவு, தொழிற்சாலைக்கு ஒரு அளவு. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம்னா இன்னும் கம்மி. உங்க வீதி எதுல வருதுன்னு பாருங்க." எனக்கு அந்த ராத்திரி தூக்கமே வரல. ஊருக்குள்ள இப்படி ஒண்ணு இருக்குதுன்னு எனக்கு யாருமே சொல்லலியே!

அதுக்கான ஆபீசுல போயிக் கேட்டேன். சுவத்துல பெரிய படம் மாட்டியிருந்தாங்க. நம்ம ஊருதான், ஆனா கலர் கலரா. குடியிருப்புன்னா மஞ்சளு. தொழிற்சாலைன்னா ஊதா. அங்கிருந்த பையன் வெரல வெச்சுக் காட்டினான். எங்க வீதி மஞ்சளு! அம்மிணி, அந்த மஞ்சளப் பாத்ததும் எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. யாரோ ஒரு மகராசன், எங்களையெல்லாம் பாத்திருக்கவே மாட்டான், இந்த வீதில இருக்கறவங்களுக்கு அமைதி வேணும்னு முன்னாலயே நெனைச்சு, மஞ்சளத் தடவி வெச்சிருக்கான் பாருங்க.

பக்கத்துலயே ஊதா இருந்துச்சு. நான் அத அவ்வளவா கவனிக்கல.

எழுதிக் குடுத்தேன். ஒரு எஞ்சினியர் அம்மா வந்தாங்க. உங்களாட்டச் சின்ன வயசுதான், நல்லாத் தன்மையாப் பேசினாங்க. கேமராவுக்கு வெக்கற மாதிரி மூணு காலு ஸ்டேண்டு, அது மேல ஒரு மீட்டரு. எங்க வாசல்ல வெச்சாங்க, காம்பவுண்டு ஓரத்துல வெச்சாங்க. வெயிலு. திருமூர்த்தி பட்டறைலருந்து அவங்களுக்குச் சேரு கொண்டாந்து போட்டான். எதுக்கு அளக்கறாங்கன்னு அவனுக்குத் தெரியல. ரோடு போடறதுக்குன்னு நெனைச்சிருக்கான்.

"பகல்ல அம்பத்தஞ்சுக்குள்ள இருக்கோணும், இங்க எழுவதத் தாண்டுதுங்க"ன்னாங்க அந்தம்மா. அப்புறம் கொஞ்சம் தயங்கிட்டு, "மேடம், நீங்க அவருகிட்ட நேர்ல பேசிப் பாத்தீங்களா?"ன்னு கேட்டாங்க. "பேசிட்டேன். நீங்க சட்டப்படி செய்யுங்க"ன்னேன்.

நோட்டீஸ் போயி, விசாரணை நடந்து, கடைசில பட்டறைக்குக் கரண்டப் புடுங்கிட்டாங்க. எங்கூட்டுக்காரரு ஆபீசு ஆளுகதான் வந்து புடுங்கினாங்க. எனக்கு வணக்கம் வெச்சுட்டுப் போனாங்க. அன்னைக்குச் சாயந்தரம் திருமூர்த்தி வந்து இதே எடத்துல நின்னான். சட்டையெல்லாம் கிரீசு. உள்ள வரச் சொன்னேன், வரல. "அக்கா, இந்த எடத்துல ஓட்டாதடான்னு ஒரு வார்த்தை என்கிட்டச் சொல்லியிருந்தா நானே வேற எடம் பாத்திருப்பனே"ன்னான். நான் வெளக்கமாச் சொன்னேன். "திருமூர்த்தி, நான் உம்மேல எழுதிக் குடுக்கல. சத்தத்து மேலதான் எழுதிக் குடுத்தேன். நீ அத உம்மேலன்னு எடுத்துக்காத." அவன் கிரீசுக் கையச் சட்டைல தொடைச்சுட்டுப் போயிட்டான். அவன் சம்சாரம் ரேவதி, மொதல்லயெல்லாம் கருவேப்பிலை பறிக்க எங்க கொல்லைக்குத்தான் வருவா. அதோட வர்றத நிறுத்திக்கிட்டா. வேற எங்கியாச்சும் கருவேப்பிலை கெடைச்சிருக்கும்.

நவநீதன் மட்டும் என்னமோ மாதிரி ஆயிட்டான். "என்னைய ஒரு வார்த்தை கேட்டியாம்மா?"ன்னான். "உனக்காகத்தான சாமி பண்ணினேன்"ன்னேன். "அதான்மா"ன்னுட்டு உள்ள போயிக் கதவச் சாத்திக்கிட்டான். அதுக்கு என்ன அர்த்தம்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் வெளங்கல.

அதுக்கப்புறம் இந்த வீடு இருந்த அமைதி இருக்குதே! ஃபேனு சுத்தறது கேக்கும். பல்லி கத்தறது கேக்கும். எனக்கு மிக்சி போடவே கூச்சமா இருக்கும், அம்மிலதான் அரைச்சேன். குக்கர் விசிலு வர்றதுக்குள்ள ஓடிப் போயி அடுப்ப அணைப்பேன். அவன் கதவுகிட்டப் போயி, பக்கம் திருப்பற சத்தம் கேக்குதான்னு நிப்பேன். ஒண்ணும் கேக்காது. இப்பல்லாம் பசங்க போன்லயேதான் படிக்கறாங்களாமா, அதுல சத்தம் வராதாமா. மத்தியானம் வரைக்கும் தூங்குவான், ராத்திரில படிக்கறவனா இருக்கும்னு எழுப்ப மாட்டேன். பரீச்சை வந்துச்சு. எழுதினான். அதுவும் வரல.

இந்த வாட்டி நான் என்ன ஆச்சுன்னு கேக்கல. கேக்கப் பயமா இருந்துச்சு. காரணம் சொல்றதுக்குச் சத்தமும் இல்லியே.

அந்தத் தை மாசத்துலதான் ரோட்டுக்கு அந்தப் பக்கம், பாழாக் கெடந்த பஞ்சுக் குடோன யாரோ வெள்ளையடிக்கறாங்கன்னு பாத்தேன். ஒரு வெள்ளிக்கெழம வாழைமரம் கட்டினாங்க. ரேவதி ஒரு தட்டுல சக்கரப் பொங்கலு கொண்டாந்து குடுத்தா. என்ன விசேசம்னு கேட்டேன். "பட்டறைய அங்க மாத்திட்டோங்க்கா. இப்ப ரெண்டு மிசினு. எல்லாம் ஆபீசுல கேட்டு, எழுதி வாங்கித்தான் செஞ்சோம்"ன்னா. குத்தலாச் சொல்லல. சாதாரணமாத்தான் சொன்னா. நான் பொங்கல வாங்கி உள்ள வெக்கறேன், டங்குன்னு விழுந்துச்சு பாருங்க மொத அடி.

பழைய எடத்துலயாவது நடுவுல ரெண்டு சுவரு இருந்துச்சு. குடோனுக்கு வாசப்படி எங்க வீட்டப் பாத்து. ஷட்டரத் தொறந்துட்டா நேரா இங்கதான். பழையது ஒண்ணு. இது ரெண்டு, அதுல ஒண்ணு பெரிசு.

மறுபடி எழுதிக் குடுத்தேன். அதே எஞ்சினியர் அம்மா, அதே ஸ்டேண்டு. பட்டறை வாசல்ல வெச்சு அளந்தாங்க. "மேடம், அந்தப் பக்கம் தொழிற்சாலைப் பகுதி. அங்க எழுவத்தஞ்சு வரைக்கும் போலாம். இவங்க அதுக்குள்ளதான் இருக்காங்க"ன்னாங்க. "சரிங்க, ஆனா சத்தம் என் வீட்டுக்குத்தான வருது? என் வீடு மஞ்சள்தானுங்களே? என் வாசல்ல வெச்சு அளங்க"ன்னேன். அளந்தாங்க. பாவம், சொன்னதத் தட்டல. அப்புறம் திருமூர்த்திகிட்டச் சொல்லி மிசினச் சித்த நேரம் நிறுத்தச் சொல்லிட்டு, மறுபடி அளந்தாங்க. அந்த நேரத்துல ரெண்டு பஸ்ஸு போச்சு, ஒரு மணல் லாரி போச்சு. மீட்டர என்கிட்டக் காட்டினாங்க.

"பாருங்க மேடம். பிரஸ்ஸே ஓடல. ரோட்டுல வண்டி போறதுலயே உங்க கணக்கு தாண்டிப் போச்சு. இதுல பிரஸ்ஸோட பங்கு இவ்வளவுன்னு நான் எப்படிப் பிரிச்சு எழுதறது?"

"அப்ப இந்த வீட்டுக்கு ஒரு கணக்கும் கெடையாதா?"

"இருக்குங்க. அம்பத்தஞ்சுதான். அது மாறல." அதச் சொல்றப்ப அந்தம்மா என்னைய நேராப் பாக்கல. ஸ்டேண்ட மடக்கிட்டே சொன்னாங்க. "எனக்கே சங்கடமாத்தான் இருக்கு மேடம். கோடு ரோட்டு நடுவுல போகுது. நான் என்ன பண்ணட்டும்?"

கோபப்படறதுக்குக்கூட ஆளு இல்லீங்க அம்மிணி. அந்தம்மா மேல தப்பில்ல. திருமூர்த்தி எழுதி வாங்கியிருக்கான், அவன் மேல தப்பில்ல. மஞ்சள் தடவினவன் மேலயும் தப்பில்ல. நான் எழுதிக் குடுத்ததும் சரி. எல்லாரும் சரியாத்தான் பண்ணியிருக்கோம். சத்தம் மட்டும் கேக்குது.

அதுக்கு மேல ஒண்ணு நடந்துச்சு. அதையும் சொல்லிடறேன், நீங்க பொறுமையாக் கேக்கறீங்க.

நவநீதன் காலைல நேரத்துல எந்திரிக்க ஆரம்பிச்சான். குளிச்சு, சாப்புட்டு, டிபன் பாக்ஸ எடுத்துட்டுக் கெளம்பிருவான். "லைப்ரரிக்கா சாமி?"ன்னு கேட்டேன். தலைய ஆட்டினான். எனக்கு அவ்வளவு சந்தோசம். சத்தத்துனாலதான் வெளிய போயிப் படிக்கறான், எப்படியோ பொறுப்பு வந்துருச்சேன்னு. சாயந்தரம் வந்து நல்லாச் சாப்புடுவான். ரெண்டு கரண்டி கூடவே போட்டுக்குவான். படுத்தா அடிச்சுப் போட்ட மாதிரித் தூங்குவான். மூளை வேலை பாத்தாலும் பசிக்கும், இல்லீங்களா?

ஒரு நா சட்டையத் தொவைக்கறேன், கை மடிப்புல கறுப்பா எண்ணெய். சோப்புப் போட்டுத் தேய்ச்சாலும் போகல. லைப்ரரில எதுக்கு எண்ணெய்? அப்பவும் எனக்குப் புத்தி போகல. வண்டி செயினு கழண்டிருக்கும்னு விட்டுட்டேன். அடுத்த நா கீரைக்காரிக்காகக் கேட்டுல நிக்கறேன், எதுத்தாப்புல ஷட்டரு தொறந்திருக்கு. சின்ன பிரஸ் முன்னால காதுல பஞ்ச வெச்சுட்டு ஒருத்தன் நின்னு தகட்ட நகத்தி நகத்திக் குடுத்துட்டிருக்கான். முதுகத்தான் பாத்தேன். பெத்தவளுக்கு முதுகு போதாதா?

சாயந்தரம் வந்ததும் கேட்டேன். அவன் ஒளிக்கல. "படிச்சது மெக்கானிக்கல்தானம்மா"ன்னான். "அதுக்குன்னு? உங்கப்பா என்னவா நெனைச்சாரு உன்னைய!"ன்னேன். அதுக்கு அவன் சொன்னான்: "அங்க யாரும் என்னைய என்ன ஆச்சு, என்ன ஆச்சுன்னு கேக்கறதில்லம்மா."

எப்படிங்க கேப்பாங்க? அந்தச் சத்தத்துல யாரு என்ன கேட்டாலும் காதுல விழுமா?

திருமூர்த்தி வேணும்னே பண்ணிட்டான்னுதான் நான் நெனைச்சேன். நான் அவன் பட்டறைய எடுத்தேன், அவன் எம்பையன எடுத்துக்கிட்டான்னு. அவன்கிட்டப் பேச்ச விட்டேன். ரேவதி சிரிச்சாலும் மூஞ்சியத் திருப்பிக்குவேன். இதுக்கு எந்த ஆபீசுல போயி எழுதிக் குடுக்கறது, சொல்லுங்க? அதுக்குக் கலரு இருக்குதுங்களா?

அப்புறம் ஒரு நா முக்குக் கடையில பால் வாங்கறப்ப, பக்கத்துல நின்னவரு சில்லறைய எடுத்துக் குடுத்தாரு. வலது கையில ரெண்டு வெரலு இல்ல. நல்லா ஆறிப்போன பழைய காயம். "நீங்க நவநீதன் அம்மாங்களா? நான் முத்துராசு, பெரிய மிசினு ஓட்டறது"ன்னு வணக்கம் வெச்சாரு. அந்தக் கையாலதான் வெச்சாரு. "பையன் நல்லாத் தொழிலு கத்துக்கறான். வேகமா வர்றான்"ன்னாரு. "வெரலுங்க?"ன்னேன். "அது வேற பட்டறையிலங்க. ஒரு செகண்டு. இந்தத் தொழில்ல இருக்கறதுதான்"ன்னு சிரிச்சுட்டுப் போயிட்டாரு.

அன்னைலருந்து நான் இந்த வாசத் திண்டுலயேதான் உக்காந்திருக்கேன் அம்மிணி. சோறு வடிக்கறப்பவும் காது அங்கதான். ரெண்டு மிசினோட சத்தமும் எனக்குத் தனித்தனியாத் தெரியும். பெரிசு கனமா விழும், முத்துராசு ஓட்டறது. சிறிசு எம்பையன். டங்குன்னு விழுந்து சித்த நிக்கும். அந்த நிக்கற நேரத்துலதான் அவன் கைய உள்ள விட்டுத் தகட்ட எடுக்கறான். அந்த நேரம் பூரா நான் மூச்சு விடறதில்ல. அடுத்த டங்கு விழுந்தாத்தான் விடுவேன். எழுவத்தஞ்சோ எண்பதோ, எனக்கு இப்ப அதெல்லாம் கணக்கில்ல. நிக்காம அடிச்சுட்டே இருந்தாப் போதும்.

போன மாசம் ஒரு நா, முற்பகலு, நல்ல மழை. நான் மொளகாய் கிள்ளிட்டிருந்தேன். ரெண்டும் நின்னுருச்சு.

கரண்டுதான் போயிருக்கும்னு மேல பாத்தேன். எங்கூட்டு ஃபேனு சுத்துது. டீ நேரமும் இல்ல. ஷட்டருக்குள்ள நாலஞ்சு பேரு ஒரே எடத்துல குனிஞ்சு நிக்கறது தெரியுது. நான் எப்ப எந்திரிச்சேன், எப்பக் கேட்டத் தொறந்தேன், ஒண்ணும் தெரியாது. நடு ரோட்டுல ஒரு பஸ்ஸு கிறீச்சுன்னு நின்னுச்சு. டிரைவரு என்னமோ திட்டினாரு. ஒரு செருப்பு அங்கியே போச்சு. உள்ள போனா, ஆளுக நடுவுல, மிசினுக்கு அடில ரெண்டு காலு மட்டும் தெரியுது. எம்பையன் பேண்ட்டு. நான்தான் இஸ்திரி போட்டுக் குடுத்த பேண்ட்டு.

நான் கத்துனது எனக்கே கேக்கலீங்க.

காலு அசைஞ்சுச்சு. அவன் கையில ஸ்பானரோட பொறத்தால ஊந்து வெளிய வந்தான். மூஞ்சியெல்லாம் கிரீசு. "என்னம்மா? இங்க எதுக்கு வந்தே?"ன்னான். எல்லாரும் என்னையே பாக்கறாங்க. அங்கியே, வெட்டின தகடு குமிச்சுப் போட்டிருந்த எடத்துல உக்காந்துட்டேன். அவன் ரெண்டு கையையும் புடிச்சு, ஒவ்வொரு வெரலாத் தொட்டுப் பாத்தேன், ஆளுக முன்னாலயே. அவன் இழுத்துக்கல. அவனுக்கு வெக்கமாத்தான் இருந்திருக்கும். ஆனா இழுத்துக்கல.

திருமூர்த்தி சொம்புல தண்ணி கொண்டாந்து குடுத்தான். ரெண்டு வருசத்துல அவன் என்கிட்ட வந்து நின்னது அன்னைக்குத்தான். "தகடு வெட்டற அச்சு சிக்கிக்கிச்சுங்க்கா. அதான் நிறுத்திட்டுக் கழட்டிட்டிருந்தோம். வேற ஒண்ணுமில்ல"ன்னான். நான் தண்ணியக் குடிச்சேன். நவநீதன் மறுபடி அடில போயி என்னமோ முடுக்கிட்டு வந்தான். எல்லாம் சரியாயிருச்சு. ஆளுக காதுல பஞ்ச வெச்சுட்டு அவங்கவங்க எடத்துல போயி நின்னுக்கிட்டாங்க. திருமூர்த்தி சுவிட்சு மேல கைய வெச்சான். போடல. என்னையத் திரும்பிப் பாத்தான்.

"ஓட்டட்டுங்களா அக்கா?"

கிண்டலில்லீங்க. அவன் நெசமாலும்தான் கேட்டான். முத்துராசு பாக்கறாரு, எம்பையன் பாக்கறான். எல்லாரும் நான் சொல்றதுக்குக் காத்துட்டு நிக்கறாங்க. மழை கூரை மேல விழறது மட்டுந்தான் கேக்குது.

"ஓட்டு"ன்னேன்.

யாருக்கும் கேக்கல. காதுலயெல்லாம் பஞ்சு. என்னக்கான்னு அவன் கைய விரிச்சுக் கேட்டான். நான் எந்திரிச்சு நின்னு, மழைக்கும் மேல, ரோட்டுக்கு அந்தப் பக்கம் எங்க வீடு வரைக்கும் கேக்கற மாதிரிக் கத்தினேன்:

"ஓட்டு சாமி! ஓட்டு!"